மூக்கில் சதை: ஆபரேஷனோடு முடிவதில்லை சிகிச்சை



நம்ம குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அதனால் மூக்கு அடைத்தால், "தடுமன்தானே, மழை விட்டா சரியாயிரும்" என்று இருந்துவிடுகிறோம். ஆனால் மூக்கடைப்பும் சளியும் 12 வாரத்தைத் தாண்டியும் விடாமல் இருந்தால் அது வெறும் தடுமன் இல்லை. அது நாள்பட்ட சைனஸ் அழற்சியாக இருக்கலாம். பெரியவங்க பீனிசம் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இதில் சிலருக்கு மூக்குக்குள் சதை வளரும். உரித்த திராட்சை மாதிரி வெளுப்பாக இருக்கும், தொட்டாலும் வலிக்காது. இது புற்றுநோய் அல்ல. மூக்கின் உள்தோல் நீண்ட நாள் அழற்சியால் வீங்கித் தொங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் மூச்சு வழியை அடைத்துவிடும். தூக்கம் கெடும். வாசனை தெரியாமல் போகும். தோவாளைப் பூச்சந்தைக்கு நடுவில் நின்றாலும் பிச்சிப்பூ மணக்காது. பூ மணக்காவிட்டால் போகட்டும்; கேஸ் கசிவதும் மீன் கெட்டுப்போனதும் தெரியாவிட்டால் ஆபத்து அல்லவா?

சதை பொதுவாக இரண்டு பக்கமும் வரும். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, அதோடு ரத்தமும் வந்தால் நாள் கடத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க. எண்டோஸ்கோப்பி வழியாக மூக்குக்குள் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

முதல் சிகிச்சை கத்தி அல்ல, ஸ்டீராய்டு ஸ்பிரேதான். ஸ்டீராய்டு என்றதும் பயப்பட வேண்டாம். மூக்கில் அடிக்கும் மருந்து உடம்புக்குள் சேருவது மிகக் குறைவு. தலையைச் சற்றே குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும் அடியுங்கள். நுனி நடு எலும்பைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கட்டும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். "நாலு நாள் அடிச்சேன், ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடாதீங்க.

அதோடு உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் நல்லது. தண்ணீரை ஒரு நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்த பிறகே பயன்படுத்துங்கள். கால் லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு போதும். குளத்துத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடவே கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. பக்கத்துக் கேரளத்தில் 2024-லும் 2025-லும் இந்த நோய் உயிர்களைப் பறித்தது.

உடனே அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை மருந்துக்கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விடுகிறவர்களும் உண்டு. ஐந்து நாளுக்கு மேல் போனால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும்.

மருந்தில் குறையாவிட்டால் எண்டோஸ்கோப்பி மூலம் அறுவை செய்வார்கள். முகத்தில் வெட்டோ தழும்போ இருக்காது. "சதையை எடுத்தாச்சே, இனி எதுக்கு ஸ்பிரே?" என்று கேட்பீர்கள். கூரை ஒழுகும்போது தரையை மட்டும் துடைத்தால் ஈரம் போகுமா? சதை என்பது தரையில் நிற்கும் தண்ணீர், அழற்சிதான் ஒழுகல். அறுவை, மருந்து உள்ளே போய்ச்சேர வழியைத் திறந்துவிடுகிறது. அதன்பின் ஸ்பிரேயும் கழுவுதலும் தொடர்ந்தால்தான் சதை திரும்ப வளர்வதைத் தள்ளிப்போடலாம். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்றும் முக்கியம். மூக்கில் சதையும் ஆஸ்துமாவும் சேர்ந்து உள்ள சிலருக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை கடும் மூச்சுத்திணறலைத் தரும். எந்த மாத்திரைக்காவது அப்படி ஆகியிருந்தால் ஒவ்வொரு மருத்துவரிடமும் மறக்காமல் சொல்லுங்கள்.

சிகிச்சைக்கு எங்கே போவது? நாகர்கோவில் ஆசாரிபள்ளத்தில் நமது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று தயாராக இருக்கட்டும். உங்களுக்குச் சொன்ன அறுவை திட்டத்தில் வருகிறதா, எந்த மருத்துவமனையில் செய்யலாம் என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104.

கண் வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, காய்ச்சலோடு கடும் தலைவலி வந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கையில் இருக்கும் செல்போனையும் இதற்குப் பயன்படுத்துங்கள். மருந்துச் சீட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் படம் எடுத்து வையுங்கள். காலை ஸ்பிரேக்கு ஓர் அலாரம் வையுங்கள். "மூன்றே நாளில் சதை கரையும்" என்று வரும் வாட்ஸ்அப் வீடியோவை யாருக்கும் அனுப்பாதீங்க.