கடல் கடந்து கற்ற பிலிப்பினோ மாணவர்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பிறநாடு சென்று கல்வி கற்று, அங்கேயே உத்தியோகமும் தேடிக்கொள்ளும் இளைஞரைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். இப்பொருள் பற்றி மேடைகளிலே இருவகைப் பேச்சைக் கேட்டிருக்கின்றோம். போனவர்கள் நன்றி மறந்தவர்கள் என்பது ஒன்று. போகாதவர்கள் பிழைக்கத் தெரியாதவர்கள் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எமக்கு உடன்பாடானவையல்ல. ஆதலால் எங்கள் வீட்டுக் கதையைச் சற்றே புறத்தில் வைத்து, எங்களைப் போலவே நெடுங்காலம் அந்நியர் ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸ் தீவினரின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். அயல் வீட்டுக் கணக்கைக் கோபமில்லாமற் பார்க்கலாமல்லவா?

பிலிப்பைன்ஸ் தீவுகள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயினின் கீழும், 1898 முதல் அமெரிக்காவின் கீழும் இருந்து, 1946 இல் சுதந்திரம் பெற்றன. மணிலாவிலுள்ள சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகம் 1611 ஆம் ஆண்டிலே தோன்றியது. அமெரிக்காவின் ஹாவர்ட் தோன்றியதோ 1636 இலேதான். வீட்டு வாயிலிலே பல்கலைக்கழகம் இருந்தும் பிள்ளைகள் ஏன் கப்பலேறினார்கள்? கற்பித்தோர் ஸ்பானியக் குருமார். சுதேச மாணவனுக்கு அவர்களிடத்திற் கிடைத்த மதிப்புக் குறைவு. கேள்வி கேட்டற்குக் கிடைத்த இடம் அதனினுங் குறைவு.

ஹோசே ரிசால் என்பாரை உங்களிற் பலர் அறிவீர்கள். 1861 இல் கலம்பா என்னும் ஊரிலே பிறந்தவர். யேசு சபையாரின் பள்ளியிலே முதன்மை மாணவராய் விளங்கிப் பின்னர் சாந்தோ தோமாஸிலே மருத்துவம் பயின்றார். 1882 மே மாதத்திலே தாய் தந்தையரிடஞ் சொல்லிக்கொள்ளாமலே கப்பலேறினார். தமையனார் பசியானோ மாத்திரம் அறிந்திருந்தார். அந்தக் கப்பல் காலியையுங் கொழும்பையுந் தொட்டுச் சென்றது. காலித் துறை அழகியதாயினும் தனிமை சூழ்ந்ததென்றும், கொழும்பு சிங்கப்பூரினும் மணிலாவினும் எழில் மிக்கதென்றும் அவ்விளைஞர் குறித்து வைத்திருக்கின்றார். இதனை வாசித்தபோது எமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டானதை மறைப்பானேன்!

மட்ரிட்டிலே மருத்துவமும் தத்துவமும் இலக்கியமும் ஒருங்கே பயின்றார். பாரிசிலும் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க்கிலும் கண் வைத்தியத்திற் பயிற்சி பெற்றார். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? டொமினிக்கன் குருமாருக்குரிய பண்ணை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு பயிரிட்ட குடும்பம் அது. தமையனார் அந்த வருவாயிலிருந்து பணம் அனுப்பினார். கரும்பின் விலை விழுந்தால் மட்ரிட்டிலே தம்பியின் சாப்பாடு குறைந்தது. 1884 ஜூன் மாதத்தில் ஒருநாள் பகலிலே கிரேக்க மொழிப் பரீட்சையிற் பரிசு பெற்றார். அன்றிரவு இரு பிலிப்பினோ ஓவியரைப் பாராட்டிய விருந்திலே புகழ்பெற்ற உரையை நிகழ்த்தினார். அப்பகல் முழுவதும் அவர் வயிறு வெறுமையாய் இருந்ததென்பது அவருடைய நாட்குறிப்பால் அறியக் கிடக்கின்றது. தம்பி படிப்பதற்காகத் தமையன் தோட்டத்தில் நின்ற கதை எங்கள் ஊரிலே எத்தனை வீட்டில் உண்டென்பதைச் சபையோர் எண்ணிப் பார்க்கலாம்.

அவருடைய முதல் நாவல் 1887 இலே பேர்லினில் அச்சேறியது. இரண்டாவது 1891 இலே பெல்ஜியத்தின் கென்ற் நகரில் வெளிவந்தது. இரண்டும் குருமார் ஆட்சியைத் தோலுரித்தன. 1892 இலே நாடு திரும்பியவரை அரசு மிண்டனாவோத் தீவின் டபிட்டானுக்கு நாடுகடத்தியது. அங்கே அவர் சும்மா இருந்தாரல்லர். சிறுவர்க்குப் பள்ளி வைத்தார். ஊருக்குக் குடிநீர் வாய்க்கால் அமைத்தார். தூரத்திலிருந்து வந்தோர்க்கெல்லாங் கண் வைத்தியஞ் செய்தார். 1896 டிசம்பர் 30 ஆந் திகதி மணிலாவிலே சுட்டுக் கொல்லப்பட்டார். மிஷன் பாடசாலையிலே கற்ற எமக்கு அவருடைய உள்ளம் ஓரளவு விளங்குகின்றது. கற்பித்த கைக்கு நன்றியும், கற்பித்த சிலவற்றில் ஐயமும் ஒரே நெஞ்சிற் குடியிருத்தல் கூடும்.

எல்லோரும் ரிசால் ஆகிவிடவில்லை. அவருக்கு முன்னரே ஸ்பெயினுக்கு மருத்துவங் கற்கச் சென்ற லோப்பஸ் ஹயேனா அப்படிப்பை முடிக்கவேயில்லை. 1889 இலே பார்சலோனாவில் "லா சொலிதாரிதாத்" என்னும் பத்திரிகையைத் தொடங்கி நாட்டுக்காக எழுதினார், பேசினார். 1896 இலே அந்நகரிலேயே காசநோயால், வறுமையில் இறந்தார். பரீட்சையில் தேறாதவன் என்று அவரை ஒதுக்கிவிட எமக்கு மனமில்லை.

அடுத்து வந்தது அமெரிக்க ஆட்சி. 1903 ஆகஸ்டிலே ஒரு சட்டத்தினால் அரசாங்கம் புலமைப் பரிசில் ஏற்படுத்தியது. அதனைப் பெற்றோர் "பென்சியோனாடோ" எனப்பட்டனர். முதற் பிரிவிலே ஏறக்குறைய நூறு இளைஞர் கப்பலேறினர். 1904 முதற் பெண்களுஞ் சென்றனர். செலவு அரசினுடையது. படித்த ஆண்டுகள் எத்தனையோ அத்தனை ஆண்டு நாடு திரும்பி அரசாங்க சேவை செய்தல் வேண்டுமென்பது நிபந்தனை. அந்நியன் தன் நலங் கருதியே இதனைச் செய்தான் என்பதில் ஐயமில்லை. தனக்கு இணக்கமான உத்தியோகத்தர் வேண்டுமென்பது அவன் எண்ணம். திரும்பி வந்தவர்களை ஊரார் "அமெரிக்கப் பையன்கள்" என்று கேலியும் பண்ணினார்கள். ஆயினும் அவர்கள் யாவரும் அந்நியன் எண்ணியபடியே அமைந்துவிடவில்லை. ஹோசே அபாத் சாந்தோஸ் அவ்வாறு 1904 இலே சென்று சட்டங் கற்று மீண்டவர். படிப்படியாய் உயர்ந்து 1941 இலே பிரதம நீதியரசரானார். 1942 இலே யப்பானியர் சிறைப்பிடித்து, தம்மோடு ஒத்துழைக்குமாறு கேட்டபோது மறுத்து உயிர் கொடுத்தார். ஒனோரியா அக்கோஸ்தா என்னும் பெண்மணி 1909 இலே பென்சில்வேனியாவிலே வைத்தியப் பட்டம் பெற்று, பிலிப்பினோப் பெண்களில் முதல் வைத்தியராய் நாடு திரும்பிப் பிரசவ வைத்தியத்திலும் மருத்துவக் கல்வியிலும் நெடுங்காலம் உழைத்தார்.

இங்கே பெரியோர்கள் சற்றுக் கவனித்தருள வேண்டும். இவர்கள் ஏன் மீண்டார்கள்? தேசபக்தி உண்டு, ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் நிபந்தனையும் இருந்தது. நிபந்தனையிலும் பெரிது, வந்தவுடன் அமர்வதற்கு ஆசனம் இருந்தது. நீதிமன்றத்திலும் பள்ளியிலும் வைத்தியசாலையிலும் இடம் காத்திருந்தது.

அரசின் உதவியின்றித் தம் கைம்முதலோடு சென்றவர்களின் கதை வேறு. 1920 ஆம் ஆண்டளவிலும் அதன் பின்னரும் பலர் உழைத்துக்கொண்டே படிக்கலாமென்று அமெரிக்கா சென்றனர். கலிபோர்னியாவிலே பழத்தோட்டம், அலாஸ்காவிலே மீனடைக்குந் தொழிற்சாலை, சிக்காகோவிலே ஹோட்டல், தபாற்கந்தோர் என்று வேலை பார்த்தனர். அடுத்த தவணைக்குப் பணஞ் சேரட்டும், அதற்கடுத்த தவணைக்குச் சேரட்டும் என்று காத்திருந்தே பலர் நரைத்துப் போயினர். பட்டமில்லாமல் ஊருக்குத் திரும்ப வெட்கம், ஆகவே திரும்பவில்லை. 1934 இலே அமெரிக்கா அவர்கள் வரவை ஆண்டுக்கு 50 பேர் எனக் கட்டுப்படுத்திற்று. 1935 இலே, போகிறவர்களுக்குக் கப்பற் செலவு தருகின்றோம் என்று சட்டமியற்றிற்று. போனவர்கள் 2,000 பேருக்குச் சற்று மேல். வெட்கம் எவ்வளவு பலமான விலங்கு என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டா. பிள்ளைக்குக் கடிதம் எழுதும்போது "பட்டத்தோடு வா" என்று மாத்திரம் எழுதும் பெற்றோர் இதனைச் சிந்திக்கலாம்.

இனித் தாதிமார் கதை. 1948 இலே அமெரிக்கா பிறநாட்டாரை இரண்டாண்டு வரை அழைத்துப் பயிற்றும் பரிமாற்றத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. பிலிப்பினோத் தாதிகள் பெருந்தொகையாய்ச் சென்றார்கள். பயிற்சி என்று பெயர்; பல வைத்தியசாலைகளிலே அது குறைந்த சம்பளத்துக்கு முழு வேலையாயிற்று. தவணை முடிந்ததும் திரும்பவேண்டுமென்ற நிபந்தனை இங்கும் இருந்தது. திரும்பியும் வந்தார்கள். வந்து பார்த்தால் உள்ளூர்ச் சம்பளம் பழைய சம்பளமே. கற்ற புதுமுறைக்கு வேண்டிய கருவியில்லை. 1965 இலே அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைத் தளர்த்தியபோது மீண்டும் புறப்பட்டனர், இம்முறை குடியேறுவதற்கே. 1903 இன் நிபந்தனைக்கும் 1948 இன் நிபந்தனைக்கும் உள்ள வேறுபாடு, எமது நோக்கிலே, அந்த ஆசனந்தான்.

1974 இலே மார்க்கோஸ் அரசாங்கம் தொழிற் சட்டத்தின் மூலம் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதையே ஒரு கொள்கையாக்கிற்று. அனுப்புகிற பணம் நாட்டைத் தாங்கியது. புறப்பட்டோரைப் "புதிய வீரர்" என்று புகழ்ந்தார்கள். இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே மருத்துவப் பட்டம் பெற்ற வைத்தியர்களே மறுபடியும் தாதிப் படிப்புப் படித்துக் கடல் கடந்தார்கள் என்றால் வேறென்ன சொல்ல!

இப்போது புறப்படும் இளைஞர் நேரே உத்தியோகத்துக்கன்றி, மாணவராய்க் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்குஞ் செல்லுதல் பெருகியுள்ளது. படிப்பு அங்கே நிலைபெறுவதற்கு ஒரு படியாகின்றது. படி உறுதியானதா என்பதே கேள்வி. கனடா அரசாங்கம், மாணவர் வாழ்க்கைச் செலவுக்குக் காட்டவேண்டிய பணத்தை 2024 ஜனவரியிலே 10,000 டொலரிலிருந்து 20,635 டொலராக்கிப் பின்னர் மேலும் உயர்த்திற்று. அதே ஆண்டிலே மாணவர் தொகைக்கும் வரம்பிட்டது. படிப்பு முடிந்தபின் வேலை செய்யும் அனுமதியையும் சில கல்லூரிப் படிப்புகளுக்கு இறுக்கிற்று. காணியை ஈடு வைத்துப் போன குடும்பத்துக்கு, நடுவழியிலே சட்டம் மாறினால் ஈடு மாறுவதில்லை. பிலிப்பினோக்களுக்கு வேறொரு தடையும் இருந்தது. அவர்கள் நாட்டிலே பள்ளிப் படிப்பு பத்தாண்டே. ஆகவே அவர்கள் பட்டத்தைப் பிறநாடுகள் பலவேளைகளிலே குறைத்து மதித்தன. 2013 இலே சட்டமியற்றிப் பன்னிரண்டாண்டாக்கினார்கள். தம் சான்றிதழ் போகுமிடத்தில் எப்படி மதிக்கப்படுமென்பதைப் புறப்படுமுன்னரே விசாரித்தறிய வேண்டுமென்று எம் தோழர்களுக்குச் சொல்லிவைக்கின்றோம். முகவர் வாய்மொழியை நம்பிக் காணி உறுதியை எடுக்கவேண்டாம்.

மீண்டவர்களில் ஒருவரைச் சொல்லாமல் அமர மனமில்லை. வைத்தியர் பே டெல் முண்டோ 1911 இலே பிறந்தவர். 1936 இலே அமெரிக்கா சென்று குழந்தை வைத்தியம் பயின்று, யுத்தம் தொடங்குமுன் 1941 இலே திரும்பினார். மின்சாரமில்லாத ஊர்களுக்கென்று மூங்கிற் கூடைகளைக் கொண்டு, குறைமாதக் குழந்தைகளைச் சூட்டோடு காக்கும் பெட்டியமைத்தார். தம் வீட்டை விற்று 1957 இலே கேசோன் நகரத்திலே குழந்தைகள் வைத்தியசாலை திறந்து, அதன் மேல்மாடியிலேயே குடியிருந்தார். இத்தகைய தியாகத்தை வணங்குகின்றோம். ஆனால் ஒவ்வோர் இளைஞனும் வீட்டை விற்றே நாட்டுக்கு உழைக்கவேண்டும் என்று ஒரு தேசம் திட்டமிடலாகாது. அவருக்கும் ஒரு ஆசனம் இருந்திருந்தால் வீடும் மிஞ்சியிருக்குமே!

அதனை உணர்ந்தாற்போல் அந்நாட்டார் சில முயற்சிகள் செய்திருக்கின்றனர். 1975 முதல், வெளிநாட்டிலுள்ள விஞ்ஞானிகளைச் சிறிதுகாலத்துக்கேனும் அழைத்து ஆய்வுக்கூடமும் உதவியும் அளிக்கும் திட்டம் நடைபெறுகின்றது; 2018 இலே அது சட்டமாயிற்று. 1976 இலே பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் லேய்ட்டேத் தீவிலே ஒரு சுகாதாரப் பள்ளியைத் தொடங்கிற்று. அங்கே மாணவரைத் தெரிந்தனுப்புவது கிராமம். மாணவர் முதலில் மருத்துவிச்சியாகவும், பின்னர் தாதியாகவும், தகுதியுடையோர் வைத்தியராகவும் படிப்படியே உயர்வர். ஒவ்வொரு படியின் நடுவிலும் ஊருக்குத் திரும்பி வேலை செய்வர். ஊரும் அவர்களுக்குரியதைச் செய்வதாக வாக்களிக்கும். கிராமச் சபையிலே பிள்ளையின் பெயரைச் சொல்லும் அன்றே, திரும்பி வந்தால் அவள் எங்கே அமர்வாள் என்பதும் பேசப்படுகின்றது.

எம் மன்றத்தின் கல்வி நிதியிலிருந்து இவ்வாண்டு யாருக்கு உதவுவதென்ற ஆலோசனை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருப்பதாக அறிகின்றோம். அக்கூட்டத்துக்குப் பெரியோர்களும் வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம். இப்பொழுது வினாவுடையோர் வினவலாம்.