விடுதிக் கணக்கில் விதிப் பிழை



கரோல்பாக்கில் ஒரு விடுதியில் கணக்கெழுதும் தமிழர் ஒருவரை மனத்தில் கொள்வோம். தில்லிக்கும் தமிழ்க் கணக்கருக்கும் உள்ள உறவு பழையது; பேரேடு போய்க் கணிப்பொறி வந்த பின்னும் அது அறுந்துவிடவில்லை. சென்னை நிறுவனமொன்றின் அலுவலர் அங்கே ஓரிரவு தங்குகிறார். அறை வாடகை 4,000 ரூபாய். கணிப்பொறி தந்த சீட்டில், மாநிலங்களுக்கிடையிலான ஒருங்கிணைந்த வரி 5 விழுக்காடு, அதாவது 200 ரூபாய் என்றிருக்கிறது. தொகை சரி, வரியின் பெயர் தவறு.

சரக்கு சேவை வரிப் பதிவெண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை. தில்லிக்கு 07, தமிழ்நாட்டுக்கு 33. இருவர் எண்ணும் வேறுபட்டால் ஒருங்கிணைந்த வரி என்று மென்பொருளில் விதி எழுதியிருந்தார்கள். சரக்கு விற்பவருக்குப் பெரும்பாலும் அது பொருந்தும். ஆனால் விடுதி அறை தில்லியை விட்டு நகர்வதில்லையே! கட்டடம் இருக்கும் இடமே சேவை வழங்கப்பட்ட இடம் என்பது சட்டம். ஆகவே மத்திய வரி 100, தில்லி வரி 100 என்று பிரிந்திருக்க வேண்டும்.

இதிலொரு சங்கடமும் உண்டு. தில்லி விடுதியின் மத்திய வரியையும் தில்லி வரியையும் சென்னை நிறுவனம் தன் வரியில் கழித்துக்கொள்ள இயலாது. ஒருங்கிணைந்த வரியென்றால் கழித்துக்கொள்ளும். எனவே தவறான சீட்டைப் பற்றி எவரும் முறையிடமாட்டார். தணிக்கையில்தான் அது வெளிப்படும். அப்போது விடுதி சரியான வரியைப் புதிதாகக் கட்டிவிட்டு, முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்க வேண்டும். வட்டி இல்லையெனினும் பணம் முடங்கும். பழி கணக்கர் தலையில் விழும்.

சீட்டைக் கையால் திருத்தி அனுப்பிவிடுவது எளிது. அதைச் செய்யாதீர்கள், நாளைய சீட்டிலும் அதே பிழை வரும். எந்த விதி அந்தச் சீட்டைத் தீர்மானித்தது என்று பாருங்கள். நல்ல மென்பொருள் அதைக் குறித்து வைத்திருக்கும். பொது விதி மேலேயும் அறைக்குரிய சிறப்பு விதி கீழேயும் இருந்தால், பல மென்பொருள்களில் கீழுள்ளதற்கு முறையே வராது. வரிசையை முதலில் ஒரு நகலில் மாற்றுங்கள். ஒரு வேளைக்கு ஒரு மாற்றம் போதும்.

தேதியில் வரும் பிழை இன்னும் நுட்பமானது. நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆயிற்று. பழைய விதியில் 12ஐ அழித்து 5 என்று எழுதினால், ஆகஸ்டுச் சீட்டை மறுபடி எடுக்கும்போது அதிலும் 5 வந்து நிற்கும். பழைய விதிக்கு 21ஆம் தேதியோடு முடிவு கட்டிப் புதியதைத் தனியே எழுத வேண்டும்.

அதுவும் போதாது. சேவை, சீட்டு, பணம் ஆகிய மூன்று தேதிகளில் எவையேனும் இரண்டு எந்தப் பக்கம் விழுகின்றனவோ, அந்தப் பக்கத்து விகிதமே செல்லும். சட்டத்தின் 14ஆம் பிரிவைச் சுருக்கினால் சேவைகளுக்குக் கிடைப்பது இதுதான். செப்டம்பர் 15இல் முன்பணம், 24இல் தங்கல், 25இல் சீட்டு என்றால் 5 விழுக்காடு. பணத்தின் தேதியை மட்டும் பார்க்கும் விதி 12 என்று சொல்லும். 20ஆம் தேதி தங்கிச் சீட்டும் பெற்று, 30ஆம் தேதி பணம் தந்தவருக்கோ 12தான். 4,000 ரூபாய்க்கு 480. இவ்வாறு தேதிகள் கலந்து வரும் வகைகள் ஆறு. ஆறுக்கும் விடையைக் கையால் கணக்கிட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டு, பிறகு மென்பொருளைக் கேட்டுப் பாருங்கள்.