சளிக்கு வெயிலா, மாத்திரையா?

(நம் சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மழைக்காலம் வந்தால் நம் குடியிருப்பில் பாதி வீடுகளில் இருமல் சத்தம் கேட்கும். கூடவே இரண்டு யோசனைகளும் சுற்றி வரும். "காலை வெயிலில் நில்லுங்கள், சளியே பிடிக்காது" என்பது ஒன்று. "வைட்டமின் டி 60,000 வாங்கிச் சாப்பிடுங்கள், எதிர்ப்புச் சக்தி கூடும்" என்பது மற்றொன்று. இந்த இரண்டிலும் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்ப்போம்.

வெயில் நோயைப் போக்கும் என்ற நம்பிக்கைக்கு நம் ஊரிலேயே ஒரு நினைவுச்சின்னம் உண்டு: தாம்பரம் சானடோரியம். காசநோய்க்கு மருந்து இல்லாத 1928-ல் டாக்டர் சௌரி முத்து அதைத் தொடங்கினார். நல்ல காற்று, வெளிச்சம், ஓய்வு, சத்தான உணவு, இவைதான் அன்றைய சிகிச்சை. மருந்து வந்த பிறகு, 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம் ஒரு கேள்வி கேட்டது: மாத்திரை கொடுத்த பிறகும் சானடோரியம் தேவையா? ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மற்றவர்கள், சென்னையின் நெரிசலான வீடுகளிலேயே இருந்து அதே மாத்திரைகளைச் சாப்பிட்டார்கள். 1959-ல் வெளிவந்த முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஓராண்டு சிகிச்சையில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். குணப்படுத்தியது மருந்துதான்.

பிறகு கேள்வி வைட்டமின் டி பக்கம் திரும்பியது. கிருமியைக் கொல்லும் ஒரு பொருளை நம் ரத்தத்தின் தற்காப்பு அணுக்கள் தயாரிக்க இந்த வைட்டமின் உதவுகிறது என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள். ஆகவே அதைக் கூடுதலாகக் கொடுத்தால் நோய் விலகும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். ஆனால் சோதித்துப் பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பங்கெடுத்த ஆய்வில், காசநோயாளிகளுக்கு வழக்கமான மருந்துடன் பெரிய அளவில் வைட்டமின் டி கொடுத்தார்கள். சளியிலிருந்து கிருமி மறைவது விரைவுபடவில்லை என்று 2015-ல் முடிவு வந்தது.

"எனக்குக் குறைபாடு இருக்கிறதே, எனக்காவது பலிக்காதா?" என்று கேட்பீர்கள். மங்கோலியாவில் 8,851 பள்ளிப் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் குறைபாடு இருந்தது. மூன்று ஆண்டுகள் வாராவாரம் கொடுத்ததில் ரத்த அளவு நன்றாக உயர்ந்தது. காசநோய்த் தொற்றோ சளி, காய்ச்சலோ குறையவில்லை. 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, கடும் குறைபாடு உள்ளவர்களுக்குச் சளி குறைகிறது என்று தெரிந்தது உண்மை. 2025-ல் 60,000 பேருக்கு மேல் சேர்த்துக் கணக்கிட்டபோது அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை.

அப்படியானால் வைட்டமின் டி வேண்டாமா? கட்டாயம் வேண்டும், எலும்புக்கும் தசைக்கும். அதை எப்படிப் பெறுவது என்பதில்தான் நாம் தவறுகிறோம்.

நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் காலை ஆறு மணிக்கு நடப்பது இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. ஆனால் அந்த வெயிலில் வைட்டமின் டி அநேகமாகக் கிடையாது. திருப்பதியில் நடந்த ஆய்வில், காலை 11 முதல் மதியம் 2 வரையிலான வெயில்தான் தோலில் அதை நன்றாக உண்டாக்கியது. நினைவில் வைக்க ஓர் எளிய வழி: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் பலன் இல்லை. கையும் காலும் வெயிலில் பட வேண்டும். வெயிலில் எவ்வளவு நின்றாலும் தோல் அளவுக்கு மீறி வைட்டமின் டி தயாரிக்காது. கத்திரியில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். வெப்பம் வேறு ஆபத்து.

மாத்திரைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் போதுமானது 600 யூனிட். 60,000 என்பது நூறு நாள் கணக்கு. குறைபாடு உறுதியானால் மருத்துவர் வாரம் ஒன்று எனச் சில வாரங்களுக்கு எழுதித் தருவது அது. அதைத் தினமும் சாப்பிட்டாலோ, பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கினாலோ ரத்தத்தில் கால்சியம் ஏறும். குமட்டல், அடங்காத தாகம், மலச்சிக்கல், குழப்பம், கடைசியில் சிறுநீரகப் பாதிப்பு. வெயிலுக்கு வர முடியாத முதியவர்கள் தினசரிச் சிறு அளவு எடுக்கலாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

சளிக்கு என்னதான் செய்வது? கையைக் கழுவுங்கள். ஏ.சி. அறையின் ஜன்னலை அவ்வப்போது திறந்து விடுங்கள். இருமல் இருந்தால் லிஃப்டில் முகக்கவசம் அணியுங்கள். அறுபதைக் கடந்தவர்களும் சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களும் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சத்து மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மையங்களில் அது இலவசம். நம் வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கும் காவலாளிகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பூட்டியிருக்கும் மொட்டைமாடிக் கதவை நவம்பர் முதல் பிப்ரவரி வரை தினமும் 11 முதல் 12 வரை திறந்து வையுங்கள். ஒரு பெஞ்சும் போட்டால் மாடி ஏற லிஃப்ட் வரை வரும் பாட்டிமார்களுக்கு உதவியாக இருக்கும். சளி நிற்காது, எலும்பு நிற்கும்.