காத்தா, ரத்தமா? மனச்சிதைவு எங்கிருந்து வருது?

இன்னைக்கு எபிசோடுக்கான கேள்வி நம்ம ஏரியாவுல இருந்தே வந்திருக்கு. எண்ணூர்ல இருந்து ஒரு தோழி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. பேர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அவங்க அண்ணனுக்கு மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா. "வயித்துல இருக்கும்போதே இந்தப் புகையைத்தானே சுவாசிச்சான், நான் வேற ஊருக்குப் போயிருக்கணும்"னு அம்மா தினமும் அழறாங்க. சொந்தக்காரங்க, "அது அவங்க ரத்தத்துலயே இருக்கு"ன்னு பேசுறாங்க. அதனால தோழிக்கு வந்த வரன் தள்ளிப் போகுது. அவங்க கேக்குறது இதுதான்: காத்தா, ரத்தமா? எனக்கும் வருமா?

நான் டாக்டர் இல்லை, கோட் எழுதுறவன். ஆராய்ச்சிகள்ல இருக்கிறதைப் படிச்சுட்டு வந்து சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். 'அந்நியன்' படத்துல பார்த்தது மனச்சிதைவு இல்லை. ஒருத்தருக்குள்ள ரெண்டு மூணு ஆள் இருக்கிறது வேற. மனச்சிதைவுல, யாரும் பேசாதபோதும் குரல் கேக்கும், எல்லாரும் தனக்கு எதிரா திட்டம் போடுற மாதிரி தோணும், பேச்சு கோர்வையா வராது. பெரும்பாலும் பதின்வயது முடிவுலயோ இருபதுகள்லயோ ஆரம்பிக்கும். அதாவது, இதைக் கேட்டுட்டு இருக்குற உங்க வயசுல.

இப்போ ரத்தத்துக்கு வருவோம். பொதுவா நூத்துல ஒருத்தருக்கு வாழ்நாள்ல இது வரலாம். கூடப்பிறந்தவங்களுக்கு இருந்தா, நூத்துல ஏறத்தாழ பத்து பேருக்கு. அதாவது தொண்ணூறு பேருக்கு வராது. ஒரே மாதிரி இரட்டையர்கள்ல ஒருத்தருக்கு வந்தாலும், இன்னொருத்தருக்கு வர்ற வாய்ப்பு பாதிதான், சில ஆய்வுகள்ல அதுக்கும் கீழே. மரபணு மட்டுமே காரணம்னா ரெண்டு பேருக்கும் வந்திருக்கணுமே? 2022-ல வெளியான பெரிய மரபணு ஆய்வு, இதோட தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டுபிடிச்சுது. அதுல பெரும்பாலானது தனியா ரொம்பச் சின்ன தாக்கம்தான் தரும். நம்ம எல்லார்கிட்டயும் அதுல கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. "அவங்க ரத்தம்"னு பேசுற சொந்தக்காரங்ககிட்டயும் சேர்த்துதான்.

அப்போ மீதி எங்கிருந்து வருது? 1944-45 குளிர்காலத்துல நெதர்லாந்துல பெரும் பஞ்சம். அப்போ கருவான குழந்தைகளுக்கு, பின்னாடி இந்த நோய் ஏறத்தாழ ரெண்டு மடங்கு வந்துச்சு. சீனாவோட 1959-61 பஞ்சத்துலயும் அதே கதை. பிரசவச் சிக்கல்கள், சின்ன வயசுல அனுபவிச்ச வன்கொடுமை, நெரிசலான நகரத்துல பிறந்து வளர்றது, இதெல்லாம் வாய்ப்பைக் கூட்டுற காரணிகள்.

கஞ்சா பத்தி சொல்லாம போக முடியாது. ஸ்வீடன்ல ராணுவத்துக்கு எடுத்த இளைஞர்களைப் பல வருஷம் கவனிச்சாங்க. 1987-ல வெளியான முடிவு: பதினெட்டு வயசுக்குள்ள ஐம்பது தடவைக்கு மேல அடிச்சவங்களுக்கு ஆறு மடங்கு. வீட்டுல யாருக்காவது இந்த நோய் இருந்தா, 'சும்மா ஒரு பஃப்'ங்கிறது உங்களுக்குச் சும்மா இல்லை.

சரி, காத்து? 2019-ல டென்மார்க் ஆய்வு ஒன்னு, நைட்ரஜன் டை ஆக்சைடு அதிகமா இருந்த இடத்துல வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த நோய் கூடுதலா வந்ததைக் காட்டுச்சு. அனல்மின் நிலையங்கள், கன்டெய்னர் லாரிகள், மணலி சுத்திகரிப்பு ஆலைன்னு வாழ்ற நமக்கு இது சின்ன செய்தி இல்லை.

ஆனா இங்கதான் நிதானமா யோசிக்கணும். காரணி வேற, காரணம் வேற. நூத்துல ஒன்னு ரெண்டு மடங்கானா நூத்துல ரெண்டு. தொண்ணூத்தெட்டு பேருக்கு அப்பவும் வராது. அதனால ஒரு தனி ஆளைக் காட்டி "இந்தப் புகையாலதான்"னு சொல்ல முடியாது. ஆனா லட்சம் பேர் வாழ்ற இடத்துல ஒன்னு ரெண்டானா, ஆயிரம் குடும்பம் கூடுதலா பாதிக்கப்படும். அதனால சுத்தமான காத்து கேக்குறது ஊரோட வேலை. ஒரு அம்மா தலையில ஏத்துற பாரம் இல்லை. 1948-ல ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன்ங்கிற மனநல மருத்துவர், தாயோட வளர்ப்புதான் இதை உண்டாக்குதுன்னு எழுதினாங்க. ரொம்ப வருஷம் அம்மாக்கள் அந்தப் பழியைச் சுமந்தாங்க. அப்புறம் அதுக்கு ஆதாரமே இல்லைன்னு கைவிட்டாங்க. நம்ம வீட்டுல அதைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டாம்.

மரபணுவை மாத்த முடியாது. காத்தை மாத்த வருஷங்கள் ஆகும். ஆனா ஒன்னு இன்னைக்கே நம்ம கையில இருக்கு: தாமதம். முதல் அறிகுறிக்கும் முதல் சிகிச்சைக்கும் நடுவுல எவ்வளவு நாள் போகுதோ, அவ்வளவு மோசமா முடியுதுன்னு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லுது. ஏன் தாமதிக்கிறோம்? வெட்கம். "உன்னை கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்பணும்"னு நண்பனைக் கிண்டல் பண்றோம்ல, அதைக் கேட்டு வளர்ந்த ஒருத்தன் தனக்குக் குரல் கேக்குதுன்னு யார்கிட்ட சொல்லுவான்?

இதே கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குத் தலைமை வகிச்ச முதல் பெண், டாக்டர் சாரதா மேனன். 1984-ல சென்னையில 'ஸ்கார்ஃப்' அமைப்பை ஆரம்பிச்சாங்க. சென்னையிலயே 1981-ல தொடங்கி, புதுசா நோய் வந்த 90 பேரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வும் இருக்கு. பத்து வருஷம் கழிச்சுப் பார்த்தா, பெரும்பாலானவங்க நல்லபடியாவே இருந்தாங்க. வேலை, கல்யாணம், எல்லாம் இருந்துச்சு. இதுவும் நம்ம ஊர் டேட்டாதான்.

உங்க நண்பனோ தங்கச்சியோ திடீர்னு எல்லாரையும் விட்டு ஒதுங்குறாங்களா, தூக்கம் கெட்டுப் போச்சா, படிப்பு சரியுதா, தனக்குத்தானே பேசுறாங்களா? வாரக்கணக்குல தொடர்ந்தா மந்திரிக்கிறதோட நிறுத்தாதீங்க. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. 14416-க்கு போன் பண்ணா டெலி மானஸ், இலவசம்.

தோழி, உங்க கேள்விக்கு என் பதில்: காத்தும் உண்டு, ரத்தமும் உண்டு, எதுவும் தனியா இல்லை. உங்களுக்கு வராம இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அண்ணன் மாத்திரையை விடாம பார்த்துக்கோங்க. இந்த எபிசோடை அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.