இடுப்பெலும்பும் எஃகு ஆணியும்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் வழக்கமாகப் பேசப்படும் பொருளன்று, இன்று நாம் எடுத்துக்கொண்டது. எனினும் முதியோர் இல்லாத வீடு நம்மிடையே ஏது? பதுளையிலும், பசறை, மடுல்சீமை, அப்புத்தளை மலைகளிலும் வாழும் நமக்குப் படியும் சரிவும் இல்லாத பாதைதான் ஏது? மழையில் நனைந்த கற்படி, பாசி பிடித்த பீலிக்கரை, இருட்டில் மலசலகூடத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, இவற்றில் ஓரிடத்தில் கால் வழுக்கினால் போதும். விழுந்த மூதாட்டியால் எழுந்து நிற்க முடியாது. ஒரு கால் குறுகி, வெளிப்புறமாகத் திரும்பிக் கிடக்கும். வைத்தியசாலையில் படம் பிடித்துப் பார்த்து, "இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, இரும்பு வைக்க வேண்டும்" என்பார்கள்.

அப்போது குடும்பத்தார் இரு கட்சியாகப் பிரிகின்றனர். "இந்த வயதில் இரும்பு எங்கே தாங்கப் போகிறது? வீட்டிலேயே கிடக்கட்டும்" என்பது ஒரு கட்சி. "இரும்பே வைத்தாயிற்று, இனி என்ன பயம்?" என்பது மற்றக் கட்சி. இரண்டும் தவறு. அந்த இரும்பு எதைத் தாங்குகிறது, எத்தனை நாள் தாங்குகிறது, எப்போது கைவிடுகிறது என்பதை அறியாததால் வரும் தவறு. அதை விளக்குவதே நம் நோக்கம்.

தொடையெலும்பு நேரான தூணன்று. அதன் மேல்முனையில் ஒரு கழுத்து உட்புறமாகச் சரிந்து சென்று, பந்து போன்ற தலையில் முடிகிறது. கழுத்துக்கும் தண்டுக்கும் இடையே ஏறத்தாழ 130 பாகைக் கோணம் உண்டு. 1921-இல் கட்டி முடிந்த தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை நாம் யாவரும் பார்த்திருக்கிறோம். கல்லும் செங்கல்லும் சிமெந்தும் கொண்ட அப்பாலம் புகையிரதத்தைத் தாங்குகிறது. வளைவு பாரத்தை அழுத்தமாக மாற்றிக் கீழே இறக்கிவிடுவதால், கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. இடுப்பெலும்பின் நிலை வேறு. பாரம் தண்டுக்கு நேர்மேலே விழாமல், உட்புறம் தள்ளித் தலையின்மேல் விழுகிறது. சுவரில் பதித்த கட்டையின் நுனியில் மூட்டையைத் தொங்கவிட்டாற்போலக் கழுத்து வளையப் பார்க்கிறது. அதன் மேற்பக்கம் இழுபடுகிறது, கீழ்ப்பக்கம் நெருக்குண்கிறது.

பாரமும் சிறிதன்று. செயற்கை மூட்டினுள் அளவுகருவி பொருத்திப் பெர்லின் நகர ஆய்வாளர் அளந்தபோது, சாதாரணமாக நடக்கையிலேயே உடல் நிறையின் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரம் மூட்டில் விழுவது தெரிந்தது. ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் உடல் சாய்ந்துவிடாதபடி இடுப்புத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன; அந்த இழுப்பும் மூட்டின் மேலேயே சேர்கிறது. இடறும்போதோ பாரம் எட்டு மடங்கு வரை ஏறியது. 40 கிலோ நிறையுள்ள ஒரு பாட்டிக்கு நடையில் 100 கிலோ. இடறினால் 320 கிலோ! முறிவைச் சேர்த்துப் பிடிக்கும் இரும்பு எதிர்கொள்ளும் கணக்கு இது.

முற்காலத்தார் இம்முறிவை அறியாதவரல்லர். சுசுருத சங்கிதை மரப்பட்டையும் மூங்கிலும் வைத்துக் கட்டுவதைக் கூறுகிறது. தொடையெலும்பு முறிந்தவரைப் பலகையில் கிடத்தி, முளைகள் அடித்து அசையாமற் பிணிப்பதையும் கூறுகிறது. அசையாமை வேண்டும் என்ற அந்த அறிவு சரியானதே. ஆனால் முதியவர் மாதக்கணக்கில் அசையாது கிடந்தால் சளிக்காய்ச்சல், படுக்கைப் புண், இரத்தக்கட்டி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆகவே, எலும்பு அசையக்கூடாது, ஆள் அசைய வேண்டும் என்ற இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் வழி தேவைப்பட்டது. பொஸ்டன் நகரத்துச் சிமித்-பீட்டர்சன் என்ற வைத்தியர் மூன்று இறகுள்ள எஃகு ஆணியைக் கழுத்தினுள் செலுத்தும் முறையை 1931-இல் வெளியிட்டார். இன்றைய கருவிகளுக்கெல்லாம் அது முன்னோடி.

முறிவு இரு வகைப்படும். கழுத்திலேயே முறிந்து விலகினால், தலைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் அறுந்துபோகலாம். இரத்தமின்றி எலும்பு பொருந்தாது. ஆதலால் முதியோருக்குப் பெரும்பாலும் தலையையே எடுத்து உலோகத் தலை வைப்பர். கழுத்துக்குக் கீழே, தசைகள் பற்றியிருக்கும் புடைப்புப் பகுதியில் முறிந்தால், அங்கு இரத்தம் தாராளம், எலும்பு பொருந்தும். அது பொருந்தும் வரை பிடித்து நிற்க ஒரு துணை தேவை. இரும்பு தாங்குமா என்னும் கேள்வி பெரிதும் எழுவது இங்கேதான்.

முன்னாளில் ஆணியையும் தகட்டையும் அசையாதபடி ஒன்றாகச் செய்தனர். முறிந்த துண்டுகள் நெருங்கி அமரும்போது அந்த ஆணி இடங்கொடாமையால், தலையைத் துளைத்து மூட்டுக்குள் புகுந்தது, அல்லது தானே ஒடிந்தது. பின்பு, குழலுக்குள் வழுக்கிச் செல்லும் பெரிய திருகாணி வந்தது. நடக்கும் பாரமே துண்டுகளை ஒன்றோடொன்று நெருக்க, திருகாணி பின்வாங்கி இடம் விடுகிறது. எலும்பும் பாரத்தில் பங்கேற்கிறது. விட்டுக்கொடுப்பதே இங்கு வலிமை!

முறிவு பல துண்டாக உடைந்தோ தலைகீழ்ச் சரிவாகவோ இருந்தால், எலும்பின் உட்குழியிலே ஒரு கம்பியைச் செலுத்தி, அதன் வழியே திருகாணியைப் பொருத்துவர். இதன் நன்மையைக் கொழுந்தெடுக்கும் நம் தாய்மாரிடம் கேட்கலாம். கூடையை முதுகோடு ஒட்டிச் சுமக்கலாம். அதே கூடையைக் கையை நீட்டிப் பிடித்தால் எத்தனை நிமிடம் தாங்கும்? வெளியே பதித்த தகட்டைவிட உள்ளே செல்லும் கம்பி பாரத்தின் கோட்டுக்கு அருகில் நிற்கிறது. அதனால் அதன்மேல் வரும் வளைவு குறைகிறது.

இனி, இரும்பு எப்படிக் கைவிடுகிறது? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரும்பு ஒடிதல். எறும்பூரக் கல்லும் தேயும் என்பது நம் பழமொழி. நாளொன்றுக்கு அந்தக் கால் 1,000 அடி வைத்தால், மூன்று மாதத்தில் 90,000 தடவை வளைவு வருகிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவதுபோல எந்த உலோகமும் ஒருநாள் களைக்கும். ஆகவே இது ஓர் ஓட்டப்பந்தயம். எலும்பு முந்திப் பொருந்தினால் பாரத்தை அது ஏற்றுக்கொள்ளும்; எலும்பு பொருந்தாமலே போனால் இரும்பு தோற்கும். இரும்பு நிரந்தரத் தூணன்று. பந்தலுக்கு ஊன்றிய கால்தான்.

மற்றொன்று, இரும்பு ஒடியாமல் எலும்பு விட்டுக்கொடுத்தல். பசுமரத்தாணி என்கிறோம். பசுமரம் ஆணியைக் கவ்விப் பிடிக்கும். உளுத்த மரத்தில் எத்தகைய ஆணியும் நில்லாது. முதுமையில் எலும்பு உள்ளே சல்லடையாகிவிட்டால், திருகாணி தலையை அறுத்துக்கொண்டு வெளியே வரும். எலும்பினுள் பாரத்தின் வழியே ஓடும் நுண்வரிகள் எக்ஸ்ரே படத்தில் எவ்வளவு மறைந்திருக்கின்றன என்பதைக் கொண்டு அதன் வலிமையை ஆறு படியாக வகுத்தவர், மன்மோகன் சிங் என்ற இந்திய வைத்தியரும் அவருடைய துணைவரும், ஆண்டு 1970. (பிரதமராயிருந்தவர் வேறு, இவர் வேறு.)

ஆணி நிற்குமிடமும் முக்கியம். அமெரிக்க வைத்தியர் பவும்கார்ட்னரும் குழுவினரும் 1995-இல் 198 முறிவுகளை ஆராய்ந்தனர். முன்புறப் படத்திலும் பக்கவாட்டுப் படத்திலும், திருகாணியின் நுனிக்கும் தலையின் உச்சிக்கும் உள்ள தூரத்தை அளந்து கூட்டினர். கூட்டுத்தொகை 25 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாயிருந்த எவருக்கும் திருகாணி அறுத்து வெளிவரவில்லை. விலையுயர்ந்த இரும்பு எது என்று தேடுவதினும், துண்டுகளைச் சரியாகச் சேர்த்து, ஆணியைச் சரியான இடத்தில் நிறுத்துவதே பெரிது என்பது இதனால் விளங்கும்.

"அப்படியானால் பாட்டியை அசையாமல் கிடத்தினால் இரும்பு பத்திரமாயிருக்குமே" என்று சிலர் எண்ணலாம். படுக்கையிலே இடுப்பைத் தூக்கிப் பாத்திரம் வைக்கும்போதும் தசைகள் இழுத்து மூட்டைப் பாரப்படுத்துகின்றன. படுக்கை இரும்பைக் காப்பதில்லை, ஆளைத்தான் கொல்கிறது. இம்முறிவு கண்ட முதியோரில் ஐந்தில் ஒருவரோ அதற்கு மேலோ ஓராண்டுக்குள் இறப்பதாகப் பல நாட்டுக் கணக்குகள் கூறுகின்றன. ஆதலால் ஓரிரு நாளுக்குள் சத்திரசிகிச்சை செய்து, மறுநாளே எழுப்பி, வாக்கரைப் பிடித்து நிற்கச் செய்வதே இக்கால முறை. எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை வைத்தியர் சொல்வார். அதைக் கேட்டு நடக்க வேண்டும்.

நம் கடமை யாது? விழுந்தவரின் காலை இழுக்கவோ, எண்ணெய் பூசி உருவவோ கூடாது. 1990 என்ற இலவச அம்புலன்ஸ் எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். வண்டி வராத குறுக்குப் பாதையானால், பலகையில் கிடத்தி, முறிந்த காலை மற்றக் காலோடு தலையணை இட்டுக் கட்டி, நான்கு வாலிபர் சேர்ந்து மெல்லத் தூக்கி வர வேண்டும். சிகிச்சைக்குப்பின் குறித்த நாளில் மறுபடம் எடுக்கத் தவறாதீர்கள். நாட்கூலி போகுமே என்று அந்த நாளைத் தள்ளுவது நம்மிடையே உள்ள வழக்கம். குறைந்துவந்த வலி திடீரெனக் கூடினாலோ, கால் மேலும் குறுகினாலோ, நடந்தவர் நடக்க மறுத்தாலோ, "வயசுக் கோளாறு" என்று விட்டுவிடாது அன்றே கொண்டுபோங்கள். ஆணி நகரத் தொடங்கியதற்கு அவை அடையாளமாகலாம்.

பெரியோர்களே, ஒரு முறை எலும்பு முறிந்தவர் மறுமுறையும் முறியக்கூடியவர். எலும்பைத் தேற்றும் மருந்து உண்டா என்று வைத்தியரிடம் கேளுங்கள். பால், பருப்பு, கீரை, நெத்தலி என்று இயன்றதை உண்ணுங்கள். வெறும் தேநீரும் ரொட்டியும் எலும்புக்குப் போதா. வாலிப அன்பர்களே, ஒவ்வொரு லயத்திலும் மலசலகூடப் பாதைக்கு ஒரு விளக்கு, வழுக்கும் படிக்கு ஒரு கைப்பிடி, பீலிக்கரைப் பாசிக்கு வாரம் ஒருமுறை தேய்ப்பு, இவை நமது கையால் ஆகாத காரியங்களா? நூறு சத்திரசிகிச்சைக்கு நிகரான சிரமதானம் அது.

இம்மலைகளில் வாழ்நாளெல்லாம் சுமை சுமந்து நம்மை ஆளாக்கிய கால்கள் அவை. முறிந்த எலும்பை இரும்பு சில மாதம் தாங்கும். அந்தச் சில மாதமும் அவர்களைத் தாங்க வேண்டியவர் நாம்.