தெருச் செலவு யார் கணக்கில்?

தெருவில் கல் பரப்புகிறவனுக்குக் கூலி கொடுப்பவர் யார், கொடுத்த பணத்தை அவருக்குத் திருப்பித் தருபவர் யார் என்பது மலைநாட்டில் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீராத வழக்காகும். டன்சினன், ஷீன் முதலிய தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த பூண்டுலோயாவில் இன்றும் அவ்வழக்கைக் கேட்கலாம்.

1848ஆம் ஆண்டில் ஆளுநர் டொரிங்டன் பிரபுவின் அரசாங்கம் ஒரு கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆண்மக்கள் ஆண்டுதோறும் ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும். இயலாதவர் மூன்று ஷில்லிங் செலுத்துதல் வேண்டும். கூலியின்றித் தெரு போடும் உபாயம் அது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இதனை இரக்கம் என்று கொள்வதைவிட, தோட்டத்து வேலைநாள் குறையலாகாது என்னும் கணக்கு என்று கொள்வதே பொருந்தும். அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இத்தகைய வரிகளும் காரணமாயின. 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். ஆறு நாள் கடமையோ அவரோடு போய்விடவில்லை. 1861ஆம் ஆண்டின் சட்டத்திலும் அது இடம்பெற்றது. மாகாண, மாவட்டத் தெருக் கமிட்டிகளும் அச்சட்டத்தின்கீழ் இயங்கின.

தோட்டங்களுக்குச் செல்லும் கிளைத் தெருக்களுக்கு 1896ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழி கண்டது. செலவிற் பாதியை அரசாங்கம் ஏற்கும். மறுபாதியை, தெருவினாற் பயன்பெறும் தோட்டங்கள் தத்தம் ஏக்கர் அளவுக்கேற்பப் பகிர்ந்து கொள்ளும். தோட்டத்துரைமாரே உள்ளூர்க் கமிட்டியில் அமர்ந்தனர். அவர்களுக்குச் சம்பளம் எதற்கு? கொழுந்தும் தேயிலைப் பெட்டியும் தடையின்றி இறங்குவதே அவர்தம் ஊதியம். லயத்துக்குச் செல்லும் ஒற்றையடிப்பாதை எவர் ஏக்கர்க் கணக்கிலும் ஏறவில்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தோடு புதிய ஏற்பாடு வந்தது. சபை உறுப்பினர் பெறுவது சம்பளம் அன்று, கொடுப்பனவு. அங்கீகரிக்கப்பட்ட பதவிகளில் உள்ள ஊழியரின் சம்பளத்தையோ, மத்திய அரசின் நிதியைக் கொண்டு மாகாண சபை மீளளிக்கிறது. ஆகவே தெருத் தொழிலாளிக்குச் சம்பளம் கிடைத்துவிடும். அவன் கையில் எடுக்கும் கல்லுக்கும் தாருக்கும் சபை தன் சொந்த வருமானத்தையே பெரிதும் நாடவேண்டும். வரியிறுக்கும் வீடும் கடையும் குறைந்த சபையில் மண்வெட்டியோடு நிற்பவன் உண்டு, கொட்டுவதற்குச் சல்லி இராது.

இதிலும் விந்தை ஒன்று இருந்தது. பயிரிட்ட நிலத்துக்கு ஏக்கர் வரி விதிக்க அச்சட்டம் இடந்தந்தது. தோட்டக் காணியும் அதற்கு விலக்கன்று. தோட்டமக்கள் சபைக்கு வாக்கும் அளித்தனர். எனினும் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளிற் செலவிடத் தடையாக நின்றது. தோட்டம் தனியார் காணி என்பது சொல்லப்பட்ட நியாயம். 1970களில் அரசுடைமையாகிப் பின்னர் 1992இல் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்ற தோட்டங்களைப் பற்றியே இந்நியாயம் பேசப்பட்டது! தோட்டத்தாரால் தெரிவான உறுப்பினர் தம் கொடுப்பனவைப் பெறலாம். தமக்கு வாக்களித்தவரின் லயத்துப் பாதையில் ஒரு வண்டிக் கல் கொட்டுவிக்க இயலாது. பிரசவ வேதனையில் இருப்பவளைக் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்களுக்கு இப்பிரிவின் இலக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

2018இல் நாடாளுமன்றம் அப்பிரிவைத் திருத்தியது. தோட்டங்களுக்குள்ளும் தெரு, கிணறு முதலிய வசதிகளைச் செய்துகொடுக்கப் பிரதேச சபைக்கு வழி திறந்தது. அனுமதி வந்தது, அதனோடு தனி நிதி வரவில்லை. ஊழியரின் சம்பளம் கொழும்பிலிருந்து மாகாணம் வழியாக வரலாம். பூண்டுலோயா மலைச்சரிவில் மழை அரித்த பாதைக்கு வேண்டிய கல்லின் விலையை இன்னமும் சபையே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.