தொழில் பழகும் பிள்ளையின் கையில் சான்றிதழும் இருக்கட்டும்!

(பாளையம்பட்டி இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இது கரிசல் பூமி. மழை பெய்தால் கண்மாய் நிறையும். பொய்த்தால் வெள்ளாமையும் இல்லை, வியாபாரமும் இல்லை. ஆனால் மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி போகும் சாலையில் வண்டி ஓடாத நாள் உண்டா? மழை பெய்தாலும் பொய்த்தாலும் ஓடுகிற வண்டி என்றைக்காவது பழுதாகும். அதைச் சரிசெய்யத் தெரிந்த கைக்கு இந்த வறண்ட சீமையிலும் வேலை உண்டு. அந்தக் கையை நம் பிள்ளைகள் எப்படிப் பெறுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்தத் தொழில் நமக்குப் புதிதல்ல. சச்சார் குழு 2006-ல் தந்த அறிக்கை, முஸ்லிம் தொழிலாளர்கள் கூடுதலாக இருக்கும் தொழில்களில் வாகனப் பழுதுபார்ப்பையும் ஒன்றாகக் குறிப்பிட்டது. அதே அறிக்கை, அரசுப் பணிகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் நாம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்பதையும் சொன்னது. தொழில் தெரிந்தும் பணிமனைக்குள் நுழைய முடியாமல் ஒரு சமுதாயம் வாசலில் நிற்கிறது! ஏன் என்று சிந்தித்துப் பாருங்கள்.

நம் பிள்ளை எப்படி மெக்கானிக் ஆகிறான்? ஒன்பதாம் வகுப்பில் படிப்பு ஏறவில்லை என்றதும் மாமாவோ சாச்சாவோ அழைத்துப் போய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விடுகிறார். முதல் வருடம் டீ வாங்கி வருவான், டீசலில் சாமான் கழுவுவான், ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். பிறகு பிரேக், கிளட்ச். அதற்கும் பிறகுதான் இன்ஜினைத் தொட விடுவார்கள். இந்த முறையை நான் குறை சொல்ல மாட்டேன். சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் மேஸ்திரிகளை உருவாக்கியது இந்த முறைதான். ஆனால் பத்து வருடம் உழைத்த பிறகும் அவனிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இழப்பு அங்கேதான் இருக்கிறது.

பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற நிபந்தனை விழுகிறது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் தனியாக அனுமதி பெற வேண்டும். சான்றிதழும் இல்லையென்றால், மெக்கானிக் வேலை தெரிந்தவன் ஹெல்பர் விசாவில் விமானம் ஏறுகிறான். வேலை மெக்கானிக் வேலை, சம்பளம் ஹெல்பர் சம்பளம்! ஆகவே பெற்றோர்களே, பத்தாம் வகுப்பை முடிக்காமல் பிள்ளையை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பாதீர்கள். பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பது 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குற்றம் என்பதைக் கடை முதலாளிகளும் மனதில் வையுங்கள்.

பத்தாம் வகுப்பு தேறியவனுக்கு முதல் வாசல் ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் பிரிவு இரண்டு வருடம், டீசல் மெக்கானிக் ஒரு வருடம். அருப்புக்கோட்டையிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அரசு நிலையத்தில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாத உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. 2007-ல் நாம் பெற்ற 3.5 சதவீத உள்ஒதுக்கீடு சேர்க்கையில் கைகொடுக்கும். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், ஷேக், சையத், தக்கனி முஸ்லிம் முதலான பிரிவினர் சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். போராடிப் பெற்ற இடத்தைச் சான்றிதழ் வாங்காத சோம்பலால் இழக்கலாமா?

இரண்டாவது வாசல்தான் பலருக்குத் தெரியாதது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம்! 2019 விதித் திருத்தத்தின்படி முப்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனம், தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை தொழிற்பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். அது சலுகை அல்ல, சட்டக் கடமை. ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தபட்ச மாத உதவித்தொகை 7,000 ரூபாய் என்றும், பத்தாம் வகுப்பு தேறிய புதியவருக்கு 6,000 ரூபாய் என்றும் அதே திருத்தம் நிர்ணயித்தது. இதை உயர்த்த 2025-ல் பரிந்துரை வந்திருக்கிறது. சேரும்போது அன்றைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் வாகனக் கம்பெனிகளும் இப்படி ஆள் எடுக்கின்றன. மத்திய அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். விருதுநகர் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். ஐ.டி.ஐ.க்களில் நடக்கும் சேர்க்கை முகாம் எதையும் தவற விடாதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சி முடிந்ததும் வேலை தந்தாக வேண்டும் என்று அந்தச் சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிர, தொழிலாளி அல்ல என்றும் அது சொல்கிறது. அப்படியானால் என்ன பயன்? வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு, காயம்பட்டால் இழப்பீடு உண்டு, எழுத்தில் ஒப்பந்தம் உண்டு, தேர்வில் வென்றால் தேசியச் சான்றிதழ் உண்டு. தெரு ஒர்க்‌ஷாப்பில் இந்த நான்கில் ஒன்றாவது உண்டா?

ஏற்கனவே ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் தம்பிகளே, வாசல் உங்களுக்கும் மூடிவிடவில்லை. பணி அனுபவம் உள்ளவர்கள் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழில் தேர்வு எழுத வழி இருக்கிறது. கல்வித் தகுதியும் அனுபவ ஆண்டும் என்ன வேண்டும் என்பதை ஐ.டி.ஐ.யில் விசாரியுங்கள். அனுபவத்தை உறுதிசெய்து கடிதம் தர வேண்டியவர் உங்கள் முதலாளி. அந்தக் கடிதத்தை மறுக்காதீர்கள், முதலாளிமார்களே! அது உங்களுக்கு ஒரு காகிதம். அவனுக்கு அது வாழ்க்கை.

காலமும் மாறுகிறது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 வண்டிகள்தான் விற்பனைக்கு வருகின்றன. சென்சாரும் கம்ப்யூட்டரும் இன்ஜினுக்குள் புகுந்துவிட்டன. ஸ்கேனர் இல்லாமல் கோளாறு பிடிபடுவதில்லை. மின்சார வண்டியில் கார்புரேட்டரும் இல்லை, கிளட்ச்சும் இல்லை. காதால் கேட்டுப் பழகிய கலையோடு, படித்துப் பழகும் கலையும் சேர்ந்தால்தான் இனிப் பிழைப்பு. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாட்டா நிறுவனத்தோடு சேர்ந்து அரசு நவீனப்படுத்தியிருக்கிறது. அந்த இயந்திரங்களின் முன்னால் நம் பிள்ளைகளும் நிற்க வேண்டாமா?

வியாபாரிகளிடம் மூன்று வேண்டுகோள். லாரி வைத்திருப்பவரும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடத்துபவரும் வருடத்திற்கு ஒரு பிள்ளைக்கு நல்ல சர்வீஸ் சென்டரில் இடம் கேட்டுக் கொடுங்கள். ஒர்க்‌ஷாப் நடத்துபவர்கள் பழகும் பிள்ளைக்கு முதல் மாதத்திலிருந்தே கூலி கொடுங்கள். உழைத்தவனுக்குத் தாமதமின்றிக் கூலி கொடுக்கச் சொன்ன நபியின் (ஸல்) உம்மத்தல்லவா நாம்? ஜமாஅத்துகள் பைத்துல்மாலிலிருந்து, பயிற்சி முடித்த ஏழைப் பிள்ளைக்கு ஒரு டூல் செட் வாங்கிக் கொடுங்கள். ஒரு வேளை பிரியாணியின் செலவு, ஒரு குடும்பத்துக்கு வாழ்நாள் சோறாகும்.

அரசிடம் ஒரு கோரிக்கை. எந்தெந்த நிறுவனம் சட்டப்படி எத்தனை பழகுநர்களை எடுத்தது, அதில் சிறுபான்மையினர் எத்தனை பேர் என்று மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அது வெளிவரும்வரை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நாமே மனுப் போட்டுக் கேட்போம். கணக்குக் கையில் இருந்தால்தான் உரிமை கேட்கும் குரலுக்கு வலு உண்டு.

இளைஞர்களே! கையில் கிரீஸ் ஒட்டுவதைக் கேவலமாக நினைக்காதீர்கள். தாவூத் நபி (அலை) அவர்கள் ஆட்சியாளராக இருந்தும் இரும்பைக் கையாண்டு, தம் கை உழைப்பில் உண்டவர்கள். அந்த இரும்புத் தொழில்தான் இன்று உங்களை அழைக்கிறது. இந்த வருடச் சேர்க்கை விண்ணப்பம் வந்ததும் நமது கிளை அலுவலகத்துக்கு மதிப்பெண் பட்டியலோடு வாருங்கள். விண்ணப்பம் நிரப்புவதிலிருந்து சேர்க்கை முடியும்வரை கூடவே நிற்க நமது தோழர்கள் இருக்கிறார்கள், இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத் செய்வானாக! வஸ்ஸலாம்.